பதிவிறக்கப் பொத்தான் எங்கே? ஒரு தன்னார்வத் திட்டத்தின் இணையதளம் மாறிய விதம்

ஆசிரியை ஒருவர் எங்கள் மென்பொருளைத் தன் மடிக்கணினியில் நிறுவ முயன்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கக் கூடாது என்று முன்பே முடிவு செய்திருந்தேன். முகப்புப் பக்கம் திறந்தது. மேலிருந்து கீழே ஒருமுறை உருட்டினார், மறுபடி மேலே வந்தார். 'சோர்ஸ்' என்று ஒரு இணைப்பு இருந்தது, அதை அழுத்தினார். எங்கள் நிரல் கோப்புகளை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தின் பக்கம் வந்தது. கோப்புறைகளும் கோப்புகளுமாக நீண்ட பட்டியல், நடுவே பச்சை நிறத்தில் ஒரு பொத்தான். அதை அழுத்தியதும் ஜிப் கோப்பாகப் பதிவிறக்கலாம் என்று வந்தது. முகம் மலர்ந்துவிட்டது. இறக்கினார், பிரித்தார், உள்ளே வரிசையாகக் கிடந்த சி++ கோப்புகளைப் பார்த்தார், என் பக்கம் திரும்பினார்.

"இதுல எதைத் திறக்கணும் சார்?"

திறக்க அதில் எதுவுமே இல்லை. அந்தப் பச்சைப் பொத்தான் தருவது மூலநிரலை மட்டும்தான். அதைத் தொகுத்து இயங்கும் நிரலாக மாற்றத் தெரிந்தவருக்குத்தான் அது உதவும். அவருக்கு வேண்டிய நிறுவல் கோப்பு வேறொரு பக்கத்தில், வெறும் பதிப்பு எண்ணைப் பெயராகக் கொண்ட ஓர் இணைப்புக்குள், 'அசெட்ஸ்' என்ற சொல்லுக்கு அடியில் இருந்தது. எங்களுக்கு அது கண்ணை மூடிக்கொண்டு போய் வரும் வழி. அவருக்கு அப்படி ஒரு வழி இருப்பதே தெரியவில்லை. அன்று இரவே குழுவில் இருந்த எல்லாருக்கும் நடந்ததை எழுதினேன். தளத்தை மாற்றும் வேலை அங்கிருந்துதான் தொடங்கியது.

எங்கள் மென்பொருள் சிறியது. ஸ்கேன் செய்த பக்கங்களை நேராக்கி, கறைகளை நீக்கி, ஒரே பிடிஎஃப் ஆகத் தொகுத்துத் தரும். பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து பராமரிக்கிறோம். யாருக்கும் சம்பளம் கிடையாது. வேலை முடிந்த பிறகு இரவிலும் விடுமுறை நாட்களிலும் செய்வதுதான். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நிறுவனங்களில் இணையதளத்தை மாற்றும்போது 'செய்துவிடு' என்று சொல்ல ஒருவர் இருப்பார். தன்னார்வத் திட்டத்தில் அப்படி யாரும் இல்லை. ஒவ்வொரு முடிவும் ஒத்துக்கொள்ள வைத்துத்தான் நடக்க வேண்டும்.

பழைய தளமும் அதன் அடுக்குகளும்

பழைய தளத்தை அசிங்கம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அதில் இருந்த ஒவ்வொரு வரியையும் யாரோ ஒருவர் ஒரு காரணத்தோடுதான் வைத்திருந்தார். ஒருமுறை ஒரு பதிப்பில் பெரிய வழு (பிழை) வந்தது, உடனே முகப்பில் ஓர் எச்சரிக்கைப் பெட்டி ஏறியது. வழு சரியான பிறகும் பெட்டி இறங்கவில்லை. தானியங்கிச் சோதனைகள் தேறின என்று காட்டும் சின்னங்களை ஒருவர் சேர்த்தார். இன்னொருவர் வெளியீட்டுச் செய்திகளைச் சேர்த்தார். ஆனால் கடைசி மூன்று வெளியீடுகளுக்குச் செய்தி எழுத யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. அதனால் மென்பொருள் உயிரோடு இருந்தும், தளத்தைப் பார்ப்பவருக்கு அது கைவிடப்பட்டது போலத் தெரிந்தது.

மேல் மெனுவில் ஒன்பது தலைப்புகள். அவற்றில் 'பதிவிறக்கம்' இல்லை. 'வெளியீடுகள்' இருந்தது. நிரலாளருக்கு இரண்டும் ஒன்றுதான். மற்றவருக்கு 'வெளியீடு' என்றால் ஏதோ அறிவிப்பு.

அடியில் இருந்த தொழில்நுட்பச் சிக்கல் இன்னும் பெரிது. தளம், உள்நுழைந்து பக்கங்களைத் திருத்த உதவும் ஒரு பிஎச்பி உள்ளடக்க மேலாண்மை அமைப்பில் ஓடியது. அதன் கடவுச்சொல் இரண்டே பேரிடம் இருந்தது, அவர்களில் ஒருவர் திட்டத்தை விட்டுப் போய் நாளாகிவிட்டது. ஓர் எழுத்துப்பிழையைத் திருத்த வேண்டுமென்றாலும் மிச்சமிருந்த அந்த ஒருவருக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். கொஞ்ச நாளில் சொல்வதையே எல்லாரும் நிறுத்திவிட்டார்கள்.

இதற்கு முன்பும் ஒரு முயற்சி நடந்தது. திறமையான ஒருவர் தனியாக உட்கார்ந்து, தனக்குப் பிடித்த ஜாவாஸ்கிரிப்ட் சட்டகத்தில் முழுத் தளத்தையும் புதிதாகக் கட்டினார். பார்க்க அருமையாக இருந்தது. ஒரே நாளில் பழையதை எடுத்துவிட்டு இதை வைத்துவிடலாம் என்றார். நாங்கள் தயங்கினோம், கேள்விமேல் கேள்வி கேட்டோம், வாரங்கள் ஓடின. அவர் சோர்ந்து விலகினார். பிறகு அந்தத் தளத்தின் கோப்புகள் இருந்த களஞ்சியத்தைத் திறந்து பார்த்தால், அது நம்பியிருந்த பிறரின் நிரல் தொகுப்புகள் (சார்புப் பொதிகள்) பழசாகி, கோப்புகளில் இருந்து தளத்தை உருவாக்கும் கட்டமைப்பே ஓடவில்லை. தவறு அவர் ஒருவருடையது இல்லை. வேலை நடக்கும்போது அவருடன் யாரும் உட்காரவில்லை, முடிந்த பிறகு எல்லாரும் தீர்ப்பு சொல்ல வந்தோம். இன்று நினைத்தாலும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பார்த்துத் தெரிந்துகொண்டது

இந்தமுறை முதலில் வடிவமைப்பைத் தொடவே இல்லை. ஆசிரியையோடு சேர்த்து ஐந்து பேரை உட்கார வைத்து, தளத்தைப் பயன்படுத்தச் சொல்லி, பக்கத்தில் இருந்து பார்த்தோம். ஐந்து என்ற எண்ணுக்கு ஒரு பின்னணி உண்டு. பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000இல், ஐந்து பேரைச் சோதித்தாலே ஒரு வடிவமைப்பின் சிக்கல்களில் சுமார் 85% தெரிந்துவிடும் என்று வாதிட்டார். அது ஒரு சராசரிக் கணக்கு, எல்லாத் தளத்துக்கும் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர் சொன்னதில் எனக்கு உதவியது வேறு பகுதி: ஒரே தடவை நிறையப் பேரைச் சோதிப்பதைவிட, கொஞ்சம் பேரைச் சோதித்து, திருத்தி, மறுபடி சோதிப்பது மேல். பணமில்லாத திட்டத்துக்கு இதைவிட ஏற்ற வழி கிடையாது.

ஐந்து பேரில் மூன்று பேர் அதே பச்சைப் பொத்தானில் போய் விழுந்தார்கள். ஒருவர் நிறுவல் கோப்பைக் கண்டுபிடித்தார், ஆனால் விண்டோஸ் 'அறியப்படாத வெளியீட்டாளர்' என்று எச்சரித்ததும் பயந்து மூடிவிட்டார். அவர் செய்ததும் சரிதான். இப்படி ஓர் எச்சரிக்கை வரும், ஏன் வருகிறது, கோப்பு உண்மையானதுதானா என்று எப்படிப் பார்ப்பது என்பதெல்லாம் எங்கள் தளத்தில் எங்கேயும் இல்லை.

இதைப் பார்த்த பிறகு குழுவுக்குள் பேச்சு மாறியது. அதுவரை 'நவீனமாக இருக்கிறதா' என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் 'அவருக்குக் கிடைத்ததா' என்று கேட்க ஆரம்பித்தார்கள். வருபவர்கள் மூன்று வகை என்று பிரித்துக்கொண்டோம். மென்பொருளைத் தேடி வருபவர், ஏற்கெனவே வைத்திருந்து எங்கேயோ சிக்கிக்கொண்டவர், பங்களிக்க நினைப்பவர். முகப்பு முதல் இருவருக்கானது என்று முடிவானது. பங்களிப்பாளருக்குத் தனிப் பக்கம்.

இது சுலபமாக நடக்கவில்லை. நீண்டகாலப் பங்களிப்பாளர் ஒருவர் வெளிப்படையாகவே மனம் நொந்தார். "நம்ம வீட்டு வாசலை நமக்கே மூடுறீங்க" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மூலநிரலை எல்லாருக்கும் திறந்து வைக்கும் திறமூலத் திட்டத்தில் பயனருக்கும் பங்களிப்பாளருக்கும் நடுவே சுவர் கிடையாது, இன்றைய பயனர்தான் நாளைய பங்களிப்பாளர். கடைசியில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'இந்தப் பக்கத்தைத் திருத்து' என்ற இணைப்பை வைத்தோம். அந்த யோசனை அவருடையது. பின்னால் அதிகம் பலன் தந்ததும் அதுதான்.

மற்றவர்களின் அனுபவத்தையும் தேடிப் படித்தோம். ரஸ்ட் நிரல்மொழியின் தளம் 2018 டிசம்பரில் புதிய வடிவத்துக்கு மாறியது. பழைய தளம் பல மொழிகளில் இருந்தது. புதியது வெளிவந்தபோது அந்த மொழிபெயர்ப்புகள் இல்லை, பிறகுதான் திரும்ப வந்தன. முகப்பில் இருந்த மாதிரி நிரலும் போயிருந்தது, அதைப் பற்றியும் நிறைய மனக்குறை எழுந்தது. இதிலிருந்து ஒரு விதியை எடுத்துக்கொண்டோம்: பழைய தளத்தில் இருந்து நீக்கும் ஒவ்வொன்றுக்கும் பட்டியலில் ஒரு வரி வேண்டும், எதிரே காரணம் வேண்டும். 'அழகாக இல்லை' என்பதைக் காரணமாக ஏற்கவில்லை.

கருவி

எந்தக் கருவி என்பதில் நேரம் வீணாகும் என்று பயந்தேன், ஆகவில்லை. நிலையான தளம்தான் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டோம். பக்கங்கள் மார்க்டவுன் என்ற எளிய உரைக் கோப்புகளாக, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் களஞ்சியத்தில் இருக்கும், ஒரு கருவி அவற்றை உலாவி காட்டும் எச்டிஎம்எல் பக்கங்களாக ஆக்கும். சர்வரில் ஓடுவதற்கு நிரல் இல்லை, களவாட கடவுச்சொல் இல்லை. படங்களைத் திருத்தும் மென்பொருளான ஜிம்ப்பின் திட்டம் 2015 நவம்பரில், தன் 20ஆம் ஆண்டு நிறைவை ஒட்டித் தளத்தைப் புதுப்பித்தபோதும் பெலிக்கன் என்ற நிலையான தள உருவாக்கியைத்தான் எடுத்துக்கொண்டது.

நாங்கள் அதே வகைக் கருவியான ஹியூகோவை எடுத்தோம். காரணம் வேகம் இல்லை. அது ஒரே ஓர் இயங்கு கோப்பு. இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வரும் தன்னார்வலர் அந்தக் கோப்பின் குறிப்பிட்ட பதிப்பை இறக்கினால் போதும், அது தளத்தை அப்படியே கட்டும். முந்தைய முயற்சி செத்ததே இந்த இடத்தில்தான். எந்தப் பதிப்பு என்பதைக் களஞ்சியத்திலேயே எழுதி வைத்தோம்.

பதிவிறக்கப் பக்கம்

எழுதியதிலேயே அதிக நேரம் எடுத்தது இந்த ஒரு பக்கம். வரும் உலாவி எந்த இயங்குதளம் என்று கண்டுபிடித்து, அதற்கான பொத்தானைப் பெரிதாகக் காட்டலாம் என்று யோசித்தோம். விண்டோஸ், லினக்ஸ் வரை சரி. மேக்கில் ஒரு பொறி இருக்கிறது. ஆப்பிளின் சொந்தச் சிப் உள்ள கணினிகளிலும் சஃபாரி தன்னை 'இன்டெல் மேக்' என்றுதான் சொல்லிக்கொள்கிறது. அதை நம்பிக் கோப்பு கொடுத்தால் பாதிப் பேருக்குத் தவறான கோப்பு போய்ச் சேரும். அதனால் மேக் என்றால் இரண்டு பொத்தான்களையும் காட்டி, 'உங்கள் கணினியில் எந்தச் சிப் என்று பார்ப்பது எப்படி' என்று ஒரு வரியும் படமும் வைத்தோம். எந்த இயங்குதளத்தில் இருந்து வந்தாலும் மற்ற எல்லாக் கோப்புகளும் கீழே இருக்கும். அலுவலகக் கணினியில் இறக்கி வீட்டுக் கணினியில் போடுபவர்கள் ஏராளம்.

அப்புறம் கோப்பின் நம்பகம். 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தின் இணையதளத்துக்குள் ஊடுருவியவர்கள், பதிவிறக்க இணைப்பை மாற்றி, கணினிக்குள் ரகசியமாக நுழைய வழி விடும் பின்கதவு வைத்த ஒரு நிறுவல் கோப்பைக் காட்டினார்கள். அன்று இறக்கியவர்கள் பார்த்தது உண்மையான தளத்தைத்தான், கிடைத்ததோ போலிக் கோப்பு. நாங்கள் அதுவரை கோப்பின் உள்ளடக்கத்தில் இருந்து கணக்கிடும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண்ணைக் கோப்புக்குப் பக்கத்திலேயே போட்டுவிட்டுத் திருப்தியாக இருந்தோம். கோப்பை மாற்ற முடிந்தவரால் பக்கத்தில் உள்ள எண்ணையும் மாற்ற முடியும் என்பது அந்தச் சம்பவத்தைப் படித்த பிறகுதான் உறைத்தது. இப்போது ஒவ்வொரு வெளியீட்டிலும் எண்களின் பட்டியலில், அதை வெளியிட்டது நாங்கள்தான் என்று காட்டும் ஜிபிஜி மின்கையொப்பம் இருக்கிறது. கையொப்பத்துக்கான சாவி வேறு இடத்தில் இருக்கிறது. எல்லாரும் சரிபார்க்கப் போவதில்லை. ஒரு சிலர் பார்த்தாலே மோசடி வெளியே வந்துவிடும்.

விண்டோஸ் எச்சரிக்கைக்கும் தனிப் பத்தி எழுதினோம். "பயப்பட வேண்டாம், அனுமதி கொடுங்கள்" என்று எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. அப்படிச் சொல்லிப் பழக்கினால் நாளைக்கு உண்மையிலேயே கெட்ட கோப்புக்கும் அனுமதி கொடுத்துவிடுவார்கள். 'இந்தப் பக்கத்தில் இருந்து இறக்கியிருந்தால் மட்டும்' என்று தொடங்கி, சரிபார்க்கும் முறையை முதலில் வைத்து, அனுமதியைக் கடைசியில் வைத்தோம்.

நிறம், எழுத்து, காது

வடிவமைப்பாளர் ஒருவர் எங்களுடன் சேர்ந்தார். தன்னார்வத் திட்டங்களில் வடிவமைப்பாளர் படும் பாடு எனக்குத் தெரியும். நிரலைப் பற்றி ஒருவரும் பேச மாட்டார்கள், நிறத்தைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். பிரிட்டிஷ் எழுத்தாளர் பார்க்கின்சன் 1957இல் எழுதிய சைக்கிள் கொட்டகைக் கதை இதைத்தான் சொல்கிறது: அணு உலைக்கு உடனே ஒப்புதல் கிடைத்துவிடும், சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்கு நீண்ட நேரம் விவாதம் நடக்கும். எனவே முதலிலேயே ஒப்பந்தம் போட்டோம். நிறமும் எழுத்துருவும் வடிவமைப்பாளரும் இன்னொருவரும் சேர்ந்து முடிவு செய்வது. மற்றவர்கள் 'படிக்க முடியவில்லை' என்று சொல்லலாம், 'பிடிக்கவில்லை' என்று சொல்லக் கூடாது.

அந்த 'படிக்க முடியவில்லை' உடனே பயன்பட்டது. முதல் வரைவில் வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து. அளந்து பார்த்தோம். இணையதளங்களை எல்லாரும் அணுக வழிசெய்யும் டபிள்யூசிஏஜி விதிகளின் 'ஏஏ' நிலை, சாதாரண அளவு எழுத்துக்கு 4.5:1 நிறமாறுபாடாவது வேண்டும் என்கிறது. எங்களுடையது தேறவில்லை. அவர் ஒரு வார்த்தை மறுக்காமல் மாற்றினார். எண்ணை வைத்துப் பேசும்போது யாருடைய ரசனையும் காயப்படுவதில்லை.

திரையில் இருப்பதை உரக்கப் படித்துக் காட்டும் திரைவாசிப்பானைப் பயன்படுத்தும் பயனர் ஒருவர் தளத்தைக் கேட்டுப் பார்த்தார். இணைப்புகளை மட்டும் வரிசையாகக் கேட்கும் வசதி அதில் உண்டு. ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டினார். "மேலும் அறிய. மேலும் அறிய. மேலும் அறிய. மேலும் அறிய." எந்த இணைப்பு எங்கே போகிறது என்று எங்களாலேயே சொல்ல முடியவில்லை. அன்று மாலையே எல்லா இணைப்பின் சொற்களையும் மாற்றி எழுதினோம். கண்ணால் பார்ப்பவர்களுக்கும் அதன் பிறகுதான் பக்கம் தெளிவானது.

மொழிபெயர்ப்புக்கு எல்லாப் பக்கங்களையும் திறக்கவில்லை. பதிவிறக்கம், நிறுவுதல், முதல் பயன்பாடு ஆகிய மூன்று மட்டும். செய்திகளை மொழிபெயர்க்கச் சொன்னால் ஒரு மாதத்தில் பாதி பழசாகிவிடும், தன்னார்வலரின் உழைப்பும் வீண். தமிழ்ப் பக்கத்தைச் சோதித்தபோது வேறொன்று தெரிந்தது. வரி இடைவெளியை ஆங்கில எழுத்துக்குப் போதுமான அளவில் இறுக்கி வைத்திருந்ததால், 'கீ', 'நீ' போன்றவற்றின் மேற்சுழி அறுந்து நின்றது. பொத்தான்களில் சொற்கள் பிதுங்கின. பொத்தானுக்கு நிலையான அகலம் கொடுப்பதையே விட்டுவிட்டோம்.

நாங்கள் சறுக்கிய இடம்

பழைய முகவரிகள் உடையக் கூடாது என்பதில் எல்லாரும் உறுதியாக இருந்தோம். நல்ல முகவரிகள் மாறுவதில்லை என்று வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998இலேயே எழுதியிருக்கிறார். சர்வர் பதிவுகளில் இருந்து பழைய முகவரிகளைத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும், வருபவரைப் புதிய முகவரிக்கு அனுப்பும் 301 என்ற நிரந்தரத் திசைமாற்றம் வைத்தோம். சோதித்தோம், எல்லாம் சரியாக இருந்தன. தளத்தை மாற்றினோம்.

இரண்டாவது வாரம் ஒருவர் கேட்டார்: "உதவிப் பொத்தானை அழுத்தினால் கையேட்டின் முதல் பக்கத்துக்கே போகிறதே, ஏன்?"

எங்கள் மென்பொருளுக்குள் ஒவ்வொரு உரையாடல் பெட்டியிலும் ஓர் உதவிப் பொத்தான் உண்டு. பக்கத்தை நேராக்கும் பெட்டியில் அழுத்தினால், கையேட்டில் அந்தத் தலைப்புக்கே நேராகப் போகும். முகவரியின் கடைசியில் # குறியும் அதன் பின் தலைப்பின் அடையாளச் சொல்லும் இருக்கும். அந்தப் பகுதியை உலாவி சர்வருக்கு அனுப்புவதே இல்லை, தன்னிடமே வைத்துக்கொள்ளும். ஆகவே சர்வர் பதிவுகளில் அது விழவில்லை, எங்கள் பட்டியலிலும் வரவில்லை. திசைமாற்றத்தால் அதைச் சரிசெய்யவும் முடியாது. ஹியூகோ தலைப்பின் சொற்களை வைத்துத் தானாகவே புதிய அடையாளச் சொற்களை உருவாக்கியிருந்தது, பழையவை எதுவும் பொருந்தவில்லை. தவறான முகவரி எதுவும் தென்படாததால் பிழைச் செய்தியும் கிடையாது. உதவி கேட்டவர் நீளமான கையேட்டின் உச்சியில் போய் நின்றார், அவ்வளவுதான்.

மென்பொருளில் திருத்திவிடலாமே என்றால், பழைய பதிப்புகள் ஏற்கெனவே மக்களின் கணினிகளில் இருக்கின்றன. அவற்றை எட்ட நமக்கு வழியில்லை. தளம்தான் இறங்கி வர வேண்டும். மென்பொருளின் பழைய பதிப்புகள் எல்லாவற்றின் மூலநிரலிலும் தேடி, உதவிப் பொத்தான்கள் குறிப்பிடும் அடையாளச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்தோம். கையேட்டின் தலைப்புகளுக்கு அவற்றையே கைப்பட எழுதி வைத்தோம். தளம் கட்டப்படும் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு நிரல் அந்தப் பட்டியலைச் சரிபார்க்கிறது. ஒன்று குறைந்தாலும் கட்டமைப்பு நின்றுவிடும்.

மாற்றத்துக்குப் பிறகு

தளத்தில் கண்காணிப்பு நிரல் எதையும் வைக்கவில்லை. பயனரின் பின்னால் போகும் கருவிகளைக் கட்டற்ற மென்பொருள் தளத்தில் வைப்பது எங்களுக்கு ஒப்பாது. அதனால் வரைபடம் எதுவும் காட்ட முடியாது. எங்களிடம் இருப்பது நேரில் பார்த்தது மட்டும். அதே ஆசிரியையை மறுபடி உட்கார வைத்தோம். முகப்பில் இருந்த பொத்தானை அழுத்தினார், எச்சரிக்கை வந்தபோது பக்கத்துக்குத் திரும்பி அந்தப் பத்தியைப் படித்தார், நிறுவி முடித்தார். என்னிடம் திரும்பவே இல்லை. 'எதைத் திறப்பது' என்ற கேள்வி இப்போது எங்களுக்கு வருவது நின்றுவிட்டது.

நிரல் எழுதும் புதியவர்கள் நாங்கள் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை, இதைச் சொல்லியே ஆக வேண்டும். தளம் நன்றாக இருந்தால் ஆட்கள் வருவார்கள் என்று நம்பியிருந்தோம். வந்தவர்கள் வேறு வகையினர். 'இந்தப் பக்கத்தைத் திருத்து' இணைப்பு வழியே நூலகர் ஒருவர் நிறுவும் முறையில் விட்டுப்போன ஒரு படியைச் சேர்த்தார். இன்னொருவர் கையேட்டின் ஒரு பத்தியை முழுக்க மாற்றி எழுதினார், எங்களுடையதைவிட அது நன்றாக இருந்தது. இருவருக்கும் கிட் தெரியாது, உலாவியிலேயே திருத்தினார்கள்.

வடிவமைப்பாளருக்கு நடுவில் புதிய வேலை கிடைத்து, அவர் விலக வேண்டி வந்தது. போவதற்கு முன் எல்லாப் படங்களின் திருத்தக்கூடிய எஸ்விஜி மூலக் கோப்புகளையும் களஞ்சியத்தில் போட்டு, நிறங்களையும் இடைவெளிகளையும் ஏன் அப்படித் தேர்ந்தார் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். அதை வைத்துத்தான் இருண்ட பின்னணி வடிவத்தை வேறொருவர் சேர்த்தார், வடிவமைப்பாளரிடம் ஒரு கேள்வி கூடக் கேட்கத் தேவைப்படவில்லை.

மிச்சம் இருப்பது கையேட்டின் படங்கள். மூன்றாம் அத்தியாயத்தில் இன்னும் பழைய பதிப்பின் ஸ்கிரீன்ஷாட்டுகள்தான் இருக்கின்றன, பொத்தான்கள் இடம் மாறிவிட்டன. போன வாரம் அந்த நூலகர், தானே புதிதாக எடுத்துத் தருவதாக எழுதியிருக்கிறார்.